பதினோரு ஜோடி

பத்து வருஷமாகச் சம்பளமில்லாமல் ஒரு வேலை பார்க்கிறேன். மினிட்ஸ் எழுதுகிற வேலை.

என் தொழில் கம்பெனி செக்ரட்டரி. பெங்களூரில் சின்னதும் பெரியதுமாக முப்பது கம்பெனிகளுக்கு ஃபைலிங் செய்து கொடுத்துப் பிழைக்கிறேன். அதோடு, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மென்டாரை, அதாவது கூட இருந்து வழிகாட்டுகிற ஒரு பெரியவரை, ஜோடி சேர்த்துவிடும் ஓர் அமைப்பின் போர்டு கூட்டங்களுக்குப் போய் உட்கார்ந்து, யார் என்ன சொன்னார்கள் என்று எழுதிக் கொடுக்கிறேன். அமைப்பின் பெயர் வேண்டாம். இந்த ஊரில் இப்படி ஒன்றுக்கு மேல் உண்டு. 2009-ல் இங்கே தொடங்கிய மென்டார் டுகெதரைச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம், நான் சொல்வது அது இல்லை. எங்களுடையது ஆறு நகரங்களில் நடக்கிறது, தலைமை அலுவலகம் பிரேசர் டவுனில் ஒரு மருந்துக்கடையின் மாடியில்.

கூட்டம் மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை. லாப நோக்கமில்லாத செக்‌ஷன் 8 கம்பெனிக்குச் சட்டம் கேட்பது ஆறு மாதத்துக்கு ஒரு போர்டு கூட்டம்தான். சின்னக் கம்பெனிகள் போன்ற சிலவற்றைத் தவிர மற்றவற்றுக்கு வருஷத்துக்கு நான்கு. எங்கள் சேர்மன் ஓய்வு பெற்ற பேங்க் அதிகாரி, மைசூர்க்காரர், எழுபதைத் தாண்டியவர். "ஆறு மாசத்துல ஒரு பையன் மீசை முளைச்சுடுவான்" என்று சொல்லி நான்காகவே வைத்திருக்கிறார். பிளாஸ்கில் காபி வரும். கீழே ஐயங்கார் பேக்கரியிலிருந்து காரா பன் வரும். டைரக்டர்கள் ஏழு பேருக்கும் சிட்டிங் ஃபீஸ் கிடையாது, அந்த பன்தான்.

சேர்மனிடம் எனக்குப் பிடித்த பழக்கம் ஒன்று உண்டு. எல்லா போர்டிலும் முதலில் கணக்கு பார்ப்பார்கள். இவர் கேட்கிற முதல் கேள்வி, "புகார் எத்தனை?" அதாவது குழந்தைப் பாதுகாப்பு தொடர்பான புகார். மென்டார் பிள்ளையைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டது, ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் அனுப்பியது, போன் வாங்கிக் கொடுத்தது, கேட்காமல் போட்டோ போட்டது, எதுவானாலும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்ஸோ சட்டம் 2012-ன்படி, தன் கீழ் வேலை செய்கிறவர் செய்த குற்றம் தெரிந்தும் நிறுவனப் பொறுப்பாளர் புகார் கொடுக்காமல் விட்டால் ஒரு வருஷம் வரை சிறை. அந்தப் பயத்தில்தான் கேட்கிறார் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். ஒரு காலாண்டில் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் அக்கா பெருமையாக "ஜீரோ சார்" என்றார். சேர்மன் முகம் மாறவில்லை. "ஜீரோன்னா ரெண்டு அர்த்தம். எல்லாம் ஒழுங்கா நடக்குது. இல்லேன்னா யார்கிட்ட சொல்றதுன்னு பிள்ளைங்களுக்குத் தெரியல. எது?" அக்காவிடம் பதில் இல்லை. அடுத்த கூட்டத்தில் நான்கு புகார்கள் வந்தன, எல்லாம் சின்னச் சின்னவை. அன்றைக்குத்தான் அவர் இரண்டாவது பன் எடுத்தார்.

மினிட்ஸில் இதெல்லாம் வராது. "குழந்தைப் பாதுகாப்பு அறிக்கை பரிசீலிக்கப்பட்டது" என்று ஒரு வரி வரும். நான்தான் எழுதினேன்.

இப்படி ஒருவர் ஒரு பிள்ளைக்குத் துணையாக நிற்பதை அமைப்பாகச் செய்யும் யோசனைக்கு வயது நூற்றுக்கு மேல். 1904-ல் நியூயார்க்கில் சிறார் கோர்ட்டின் எழுத்தர் எர்னஸ்ட் கோல்ட்டர், குற்றம் சாட்டப்பட்டு வந்து நிற்கும் பையன்களைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல், ஒரு கூட்டத்தில் எழுந்து, ஆளுக்கு ஒரு பையனுக்கு அண்ணனாக இருக்க முடியுமா என்று கேட்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'பிக் பிரதர்ஸ்'. 1977-ல் அக்காக்களின் அமைப்பும் அதோடு சேர்ந்துகொண்டது. எழுத்தர், கவனியுங்கள். நீதிபதி இல்லை. நம்மைப் போல் மூலையில் உட்கார்ந்து குறிப்பெழுதுகிற ஆள். ஆனால் அவர் எழுந்து நின்று கேட்டார்.

அண்ணன் என்ற சொல்லுக்கு நமக்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். நான் பிறந்து வளர்ந்தது அல்சூர். அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ் சென்டரில் ஸ்டோர் கீப்பர். அந்தப் படைக்காரர்களுக்கு ராணுவம் முழுக்கப் பெயரே 'தம்பி'தான். எங்கள் தெருவில் யாரோ ஒரு அண்ணன்தான் எனக்கு டைப்பிங் கிளாஸில் இடம் பிடித்துக் கொடுத்தார், யாரோ ஒரு அக்காதான் பி.காம். அப்ளிகேஷன் நிரப்பிக் கொடுத்தார். எந்தப் படிவமும் போலீஸ் சான்றிதழும் இல்லாமல் நடந்தது. அதனால் அந்தக் காலம் தேவலை என்று சொல்ல மாட்டேன். அதே தெருவில் அப்படி யாரும் வாய்க்காத பையன்களையும் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் பிப்ரவரியில் ஒரு பெரிய கம்பெனியின் சி.எஸ்.ஆர். ஆட்களிடமிருந்து போன். மூன்று வருஷச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற சட்டம் 2014 ஏப்ரலில் வந்ததிலிருந்து, பிப்ரவரி, மார்ச் எங்களுக்கு முகூர்த்த மாதம். மார்ச் 31-க்குள் தாலி கட்டியாக வேண்டும். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு எங்கள் சி.இ.ஓ. இரண்டு முறை திரும்பக் கேட்டாராம். ஒரே நிபந்தனை: பிள்ளைகளின் எண்ணிக்கை ஒரே வருஷத்தில் ஐந்து மடங்காக வேண்டும். அதற்கு வழியும் அவர்களே சொன்னார்கள். ஒரு மென்டார் ஒரு பிள்ளையோடு ஒரு வருஷத்துக்கு மேல் இருப்பதற்குப் பதில், நான்கு மாதம், ஆன்லைனில். நான்கு மாதம் முடிந்ததும் அந்த மென்டாருக்கு அடுத்த பிள்ளை.

சி.இ.ஓ.வைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அமைப்பைத் தொடங்கியவரும் அவர்தான். நல்ல மனுஷி, உழைப்பாளி, ஆறு நகரத்துக் களப் பணியாளர்கள் ஒவ்வொருவரின் வீட்டு நிலவரமும் அவருக்குத் தெரியும். ஆனால் யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. பணம் கொடுக்கிறவர் சிரித்தால் இவர் தலையாட்டிவிடுவார், பிறகு போர்டில் வந்து எங்களிடம் அந்த 'இல்லை'யைச் சொல்லச் சொல்வார். அன்றைக்கும் இருபத்திரண்டு ஸ்லைடோடு வந்தார்.

பொருளாளர் ஆடிட்டர். அவர் திட்டத்துக்கு ஆதரவு, அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இந்த வேலையில் செலவென்றால் பெரும்பாலும் சம்பளம். ஜோடிகளைச் சேர்த்து, மாதாமாதம் போன் போட்டு, சண்டை வந்தால் தீர்த்து வைக்கிற களப் பணியாளர்கள்தான் அமைப்பே. நன்கொடை கொடுக்கிறவர்களுக்குப் பைகளுக்கும் புத்தகங்களுக்கும் கொடுக்கப் பிடிக்கும், சம்பளத்துக்குப் பிடிக்காது. வெளிநாட்டுப் பணத்திலும் 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவுக்கு இருபது சதவீதம்தான், முன்பு ஐம்பது. "இந்தப் பணம் வந்தா ரெண்டு வருஷம் சம்பளக் கவலை இல்ல. நாலு மாசத் திட்டம் ஒரு பக்கம் ஓடட்டும், பழையது ஒரு பக்கம் ஓடட்டும்" என்றார். நான் டைரக்டராக இருந்திருந்தால் அவர் பக்கம்தான் கை தூக்கியிருப்பேன்.

அப்போது அந்தப் பெண் பேசினார்.

போர்டில் இளையவர் அவர்தான், முப்பது ஆகவில்லை. ஸ்ரீராமபுரத்துத் தமிழ்க் குடும்பம். ஒன்பதாம் வகுப்பில் எங்கள் அமைப்பில் பிள்ளையாகச் சேர்ந்தவர். இப்போது ஒயிட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. மூன்று வருஷத்துக்கு முன் டைரக்டராக எடுத்தபோது, பெயருக்கு ஒரு ஆள் என்றுதான் நினைத்தேன். போர்டுகளில் அப்படி உட்கார வைத்துப் போட்டோ எடுப்பதைப் பார்த்தவன் நான். ஆனால் முதல் கூட்டத்திலேயே, சேர்க்கைப் படிவத்தில் 'வீட்டில் பேசும் மொழி' என்று ஒரு கட்டமே இல்லை என்றார். பள்ளி கன்னடப் பள்ளி என்றால் பிள்ளை கன்னடம் என்று எழுதிவிடுகிறோம், ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் பாதிப் பிள்ளைகள் வீட்டில் அழுவது தமிழில் என்றார். 'அழுவது' என்ற சொல்லை அப்படியே எழுதலாமா என்று யோசித்து, 'பேசுவது' என்று மினிட்ஸில் போட்டேன். கட்டம் வந்தது. நான் பிறந்த ஊர், எனக்கு அது ஆறேழு வருஷம் தோன்றவில்லை.

அன்று அவர் கேட்டது: "நாலு மாசம் முடிஞ்ச பிறகு அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்னு இந்த ஷீட்ல ஒரு கட்டம் இருக்கா?"

யாரும் பேசவில்லை. அவரே தொடர்ந்தார். அவருக்கு முதலில் வந்த மென்டார் நான்கு மாதம் இருந்தாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பன் பார்க்கில் குழந்தைகள் நூலகத்துப் பக்கம் சந்திப்பு. பிறகு வெளிநாட்டு வேலை கிடைத்துப் போய்விட்டார். யாரும் சொல்லவில்லை. மூன்று ஞாயிறு தலை சீவி, பவுடர் போட்டு, பஸ் ஸ்டாப்பில் நின்றிருக்கிறார். மூன்றாவது ஞாயிறு அம்மா, "நீ என்னடி பேசித் தொலைச்ச?" என்று கேட்டிருக்கிறார். அதையேதான் தானும் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார். கடைசிச் சந்திப்பில் அந்த அக்காவின் செருப்பு நன்றாக இருக்கிறது, என்ன விலை என்று கேட்டிருந்தாராம். விலை கேட்டதால்தான் வராமல் போய்விட்டார் என்று ஒரு வருஷம் நினைத்திருக்கிறார்.

இதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கவெல்லாம் இல்லை. பக் ரிப்போர்ட் படிப்பது போலச் சொன்னார்.

பிறகு பேப்பரை எடுத்தார். நன்றாகத் தயாராகத்தான் வந்திருந்தார். அந்த அமெரிக்க 'பிக் பிரதர்ஸ்' அமைப்பை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்று 1995-ல் வெளிவந்தது. பத்து முதல் பதினாறு வயதுப் பிள்ளைகள் 959 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு மட்டும் மென்டாரைக் கொடுத்து, ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தார்கள். மென்டார் இருந்தவர்கள் போதைப் பொருளைத் தொடத் தொடங்குவது 46 சதவீதம் குறைவு. உலகம் முழுக்க நன்கொடை கேட்கிறவர்கள் இந்த எண்ணைத்தான் ஸ்லைடில் போடுவார்கள், எங்கள் இருபத்திரண்டிலும் ஒன்றில் இருந்தது. அதே கணக்கை மறுபடி தோண்டி ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002-ல் எழுதியதை யாரும் போடுவதில்லை. பலன் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கு மேல் நீடித்த ஜோடிகளில்தான். மூன்று மாதத்துக்குள் முறிந்துபோன ஜோடிகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பைவிடக் குறைந்திருந்தது. சும்மா விட்டிருந்தால் இருந்ததைவிட மோசம்.

"எங்க வீட்ல சொல்வாங்க, சாப்பாடு இல்லேன்னு சொல்லிடலாம், இலையைப் போட்டுட்டு எழுப்பிவிடக் கூடாதுன்னு" என்றார். இதை ஆங்கிலத்தில் சொல்ல முயன்று, வராமல், என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். பத்து வருஷத்தில் அந்த அறையில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன்.

ஐந்துக்கு இரண்டு. பணம் வேண்டாம் என்று முடிவானது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர் பொருளாளர். கூடவே இன்னொருவர். சி.இ.ஓ. தன் இருபத்திரண்டு ஸ்லைடுக்கு எதிராகவே கை தூக்கினார், தூக்கும்போது நிம்மதியாக இருந்தது போல்தான் பட்டது. இதன் விலையும் சின்னதில்லை. இரண்டு நகரங்களில் களப் பணியாளர் இடம் இன்னும் காலி. இருக்கிறவர்கள் ஆளுக்குப் பத்துப் பதினைந்து ஜோடி கூடுதலாகப் பார்க்கிறார்கள். பொருளாளர் அதை ஒவ்வொரு கூட்டத்திலும் ஞாபகப்படுத்துகிறார், ஞாபகப்படுத்தவும் வேண்டும்.

ஆனால் அந்தப் பெண் அதோடு விடவில்லை. அதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானம். மென்டார் விலகினால், காரணம் எதுவானாலும், பிள்ளையை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். 'குளோஷர்' என்று படிவத்தில் பெயர். இது புதிதும் இல்லை, மென்டார் வைக்கிற அமைப்புகளுக்கு அமெரிக்காவில் வகுத்த நெறிமுறைகளில் ஆறாவதும் கடைசியும் இதுதான். எங்களிடமும் காகிதத்தில் இருந்தது. ஆனால் பழைய ஜோடிகள் பலவற்றில் படிவம் வரவே இல்லை. அவற்றையும் தேடி முடிக்க வேண்டும் என்றார்.

காபி நேரத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணா, நீங்களும் முன்னாடி மென்டாரா இருந்தீங்களாமே?"

இருந்தேன். 2015-ல். அல்சூர்ப் பக்கத்துப் பையன், எட்டாம் வகுப்பு. ஏப்ரலில் ஆரம்பித்து ஆகஸ்ட் வரை ஞாயிறு தவறாமல் போனேன். செப்டம்பர் 30-க்குள் முப்பது கம்பெனிக்கு ஏ.ஜி.எம்., அதாவது வருடாந்தரப் பொதுக்கூட்டம், முடிக்க வேண்டும், அதன்பிறகு ரிட்டர்ன்கள். முதலில் ஒரு வாரம், பிறகு இன்னொரு வாரம். நவம்பரில் சி.இ.ஓ.வுக்கு மெயில் எழுதினேன்: நேரம் ஒதுக்க முடியவில்லை, ஆனால் என் தொழிலில் ஏதாவது உதவி தேவைப்பட்டால் சொல்லுங்கள். மினிட்ஸ் எழுதுகிறீர்களா என்று பதில் வந்தது. இப்படித்தான் அந்த நாற்காலிக்கு வந்தேன். பையனிடம் கடைசியாகச் சொன்னது என்னவென்று நன்றாக ஞாபகம் இருக்கிறது. "சரிப்பா, போயிட்டு வரேன்."

நம் வாயில் வேறெதுவும் வராது. சாவு வீட்டைத் தவிர எங்கேயும் 'போறேன்' என்று சொல்லிப் பழக்கமில்லை. குளோஷர் படிவத்தைத் தமிழில் போட முயன்றபோது இதே சிக்கல்தான். 'இனி வர மாட்டேன் என்று பிள்ளையிடம் சொன்னீர்களா?' என்று எழுதினால் தமிழ் மென்டார்கள் யாரும் நிரப்ப மாட்டார்கள் என்று களப் பணியாளர் ஒருவர் சொன்னார். கடைசியில் அப்படியேதான் எழுதினோம்.

பழைய பிள்ளைகளை நாமாகத் தேடிப் போகக் கூடாது என்பது விதி. நிகழ்ச்சிப் பொறுப்பாளர் அக்காவிடம் சொன்னேன். அவர் பையனிடம் கேட்டு, அவன் சரி என்ற பிறகு நம்பர் வந்தது. பையன் என்கிறேன், இருபத்து மூன்று வயது. ஏ.சி. மெக்கானிக். அல்சூர் ஏரிப் பக்கம் வள்ளுவர் சிலைக்கு எதிரில் வரச் சொன்னான். பதினெட்டு வருஷம் மூடியே கிடந்து 2009-ல் திறந்த சிலை. பத்து வருஷத்தை நான் அங்கே நின்று நினைத்துக்கொண்டிருக்கும்போது பைக்கில் வந்தான், பின்னால் டூல் பேக், தோளில் செம்புக் குழாய் ஒரு சுருள்.

நான் தயாரித்து வைத்திருந்ததைச் சொன்னேன். வராமல் போனது என் தப்பு, உன்னால் இல்லை, இத்யாதி. அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, "சார், நீங்கதான கப்பன் பார்க்ல எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் கொடுத்தது?" என்றான்.

நான் இல்லை. எனக்கே சைக்கிள் ஓட்டத் தெரியாது.

"அப்ப அது அந்த அண்ணா. நீங்க... கணக்கு சொல்லிக் கொடுத்தீங்க இல்ல? வெள்ளைச் சட்டை."

"ஆமா."

"ஆமாமா, ஞாபகம் இருக்கு சார்" என்றான். இல்லை என்பது தெரிந்தது. நான் போன பிறகு வேறொரு அண்ணன் வந்தாராம். மூன்று வருஷம் இருந்தாராம். ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிட்டதும் அவர்தானாம், இன்னும் தீபாவளிக்கு மெசேஜ் வருமாம். நடுவில் எத்தனை ஞாயிறு காத்திருந்தாய் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. ஒரு கஸ்டமரிடமிருந்து போன் வந்தது, கேஸ் லீக். "வரேன் சார்" என்று கிளம்பினான்.

அன்று ராத்திரி பழைய ஃபைலைத் திறந்தேன். 2016 ஜனவரி கூட்டம், அயிட்டம் ஆறு: "காலாண்டில் விலகிய மென்டார்களின் இடத்தில் பதினோரு ஜோடிகள் மறுபடி இணைக்கப்பட்டன, போர்டு குறித்துக்கொண்டது." என் முதல் கூட்டம் அது. வரி எண் விட்டுப்போனதைப் பேனாவால் திருத்தி, சேர்மனிடம் கையெழுத்து வாங்கியது நான்தான். மறுநாள் அக்காவுக்குப் போன் செய்து, அந்தப் பதினொன்றில் அவன் உண்டா என்றேன். "உண்டு சார். உங்க மெயில் வர்றதுக்கு முன்னாடியே அக்டோபர்லயே ஆள் தேட ஆரம்பிச்சுட்டோம். நீங்க ரெண்டு வாரம் போகலன்னதும் சேர்மன் லிஸ்ட் கேட்டார்."

சேர்மன் அதற்குப் பிறகு பத்து வருஷம் எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"அப்புறம் சார், உங்க குளோஷர் ஃபார்ம் இன்னும் வரல" என்றார் அக்கா.

வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பெயர், ஜோடி எண், தேதி. 'விலகியதற்கான காரணம்' என்ற இடத்தில் 'அலுவல் பளு' என்று போட்டேன். அடித்துவிட்டு 'ஏ.ஜி.எம். சீசன்' என்று போட்டேன். அதையும் அடித்துவிட்டு 'போகவில்லை' என்று எழுதி அனுப்பினேன்.